பாதி விதை

நெல்லை முளைகட்டி வைத்திருக்கும் சாக்குக்குள் கையை விட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே காய்ச்சல்காரனின் நெற்றிபோல ஒரு சூடு இருக்கும். ஒரு பகலும் ஓர் இரவும் தண்ணீரில் ஊறிய விதைநெல்லைச் சணல் சாக்கில் கட்டி, வைக்கோலால் மூடி, மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்துவிட்டால் மறுநாள் காலையில் அந்தச் சூடு ஏறியிருக்கும். என் அப்பா சாக்கின் வாய்க்கயிற்றைத் தளர்த்தி, முழங்கை வரை கையை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு சிறிது நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பார். பிறகு ஒரு பிடி நெல்லை எடுத்து உள்ளங்கையில் பரப்பிக் காட்டுவார். ஒவ்வொரு மணியின் நுனியிலும் ஊசிமுனை அளவுக்கு வெள்ளையாக ஒன்று எட்டிப் பார்க்கும். "ஆச்சு, நாளைக்கு விடியப் பாவிறலாம்" என்பார்.

அவர் அப்படிச் சொல்லும் நாளில் எங்கள் வாய்க்காலில் பெரும்பாலும் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இருக்காது.

எங்கள் ஊர் மேலூருக்குக் கிழக்கே, பெரியாறு பாசனத்தின் கடைமடையில் இருக்கிறது. தேக்கடியில் தேங்கும் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி, வைகை அணையில் சேர்ந்து, பேரணையில் பிரதானக் கால்வாய்க்குள் திரும்பி, கள்ளந்திரியையும் மேலூரையும் தாண்டி, வழியிலுள்ள அத்தனை மடைகளும் குடித்து மிச்சம் வைத்த பிறகு எங்கள் கண்மாயைத் தேடி வரும். கள்ளந்திரி வரையுள்ள ஏறத்தாழ 45,000 ஏக்கர் இருபோகப் பகுதி. மேலூர்ப் பக்கத்து ஏறத்தாழ 85,000 ஏக்கர் ஒருபோகம். அணையில் இருப்பு போதுமானால் ஆவணிக் கடைசியிலோ புரட்டாசியிலோ எங்களுக்குத் திறப்பார்கள். வழக்கமான கணக்கு 120 நாட்கள். முதல் 45 நாட்கள் தொடர்ச்சியாக, மீதி 75 நாட்கள் முறை வைத்து, விட்டுவிட்டு. இருப்பு போதாவிட்டால் திறக்கமாட்டார்கள். இந்த இரண்டில் எது நடக்கும் என்பது விதை ஊறப்போடும் நாளில் ஒருவருக்கும் தெரியாது. அணையில் நிற்கும் அடிக்கணக்கை நாளிதழில் பார்த்து, டீக்கடையில் உட்கார்ந்து ஆளுக்கொரு கணக்குப் போடுவார்கள்.

கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, கொஞ்சம் படித்துவிட்ட திமிரில், தண்ணீர் வருமா என்று தெரியாமல் விதையை எதற்கு வீணாக்குகிறீர்கள் என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "தண்ணி வரும்போது நாத்து கையில இருக்கணும்ல தம்பி. தண்ணியப் பாத்துட்டு விதை போட்டா, தண்ணி நிக்கிறப்பத்தான் கதிரு பால் பிடிக்கும்" என்றார்.

இந்தப் பதிலை நான் புரிந்துகொள்ளப் பல ஆண்டுகள் ஆயின. நாற்று வளர இருபத்தைந்து நாட்களாவது வேண்டும். தண்ணீர் வந்த பிறகு விதைப்பவன் அந்த இருபத்தைந்து நாட்களை வாய்க்காலுக்கு வாரிக் கொடுத்துவிட்டு, கடைசியில் முறைத்தண்ணீரும் நின்றுபோகும் வேளையில் கதிரோடு தவிப்பான். எங்கள் பங்காளி வகையில் ஒரு சித்தப்பா இருந்தார். வாய்க்காலில் தண்ணீரைக் கண்ணால் பார்த்தாலொழிய அவர் விதைப்பெட்டியைத் திறந்ததே இல்லை. தண்ணீர் வராத ஆண்டுகளில் அவர்தான் ஊரின் அறிவாளி. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, "நான் அப்பவே சொன்னேன்ல" என்று தொடங்குவார். தண்ணீர் வந்த ஆண்டுகளில் அவர் வயலில் பாதிக் கதிர் பதராக நின்றதை யாரும் பெரிதாகப் பேசியதில்லை. நம்பியவன் தோற்றால் ஊர் கேலி பேசும். நம்பாதவன் தோற்றால் அது தோல்வியாகவே கணக்கில் வராது. இந்த ஒருதலைப்பட்சமான கணக்கேடுதான் மனச்சோர்வுக்கு ஒரு மரியாதையைத் தேடிக் கொடுத்திருக்கிறது என்று எனக்கு நெடுநாளாக ஒரு சந்தேகம் உண்டு.

அந்த மரியாதைக்கு வரலாறும் இருக்கிறது. மேற்கே ஓடிக் கடலில் கலக்கும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பலாம் என்ற யோசனை பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலேயே இராமநாதபுரம் சமஸ்தானத்தின் அமைச்சரான பிரதானி முத்திருளப்பப் பிள்ளைக்கு இருந்தது. செலவு தாங்காது என்று அவர் கைவிட நேர்ந்தது. 1808ஆம் ஆண்டு ஜேம்ஸ் கால்டுவெல் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் மலையேறிப் பார்த்துவிட்டு, இது வெறும் கற்பனை, இனி இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம் என்ற பொருளில் அறிக்கை எழுதினார். அவரை முட்டாள் என்று சொல்லிவிட முடியாது. அவர் கையிலிருந்த கருவிகளுக்கும் காசுக்கும் அந்தக் கணக்கு அநேகமாகச் சரிதான். தவறு எங்கே இருந்ததென்றால், இன்று முடியாதது என்பதை இனி என்றும் முடியாதது என்று எழுதியதில் இருந்தது.

அதன் பிறகு இந்தப் பக்கத்துப் பாட்டிமார்கள் தாது வருஷம் என்று சொல்லிச் சொல்லி மிரட்டிய 1876-78 பஞ்சம் வந்தது. அந்தப் பஞ்சம்தான் கிடப்பில் கிடந்த யோசனையை மறுபடியும் மேசைக்குக் கொண்டுவந்தது. 1886இல் திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம், 1887இல் ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுயிக்கின் மேற்பார்வையில் வேலை தொடக்கம், 1895இல் முடிவு. தேதிகளாகச் சொன்னால் எட்டு ஆண்டுகள்தான். அந்த எட்டு ஆண்டுகளில் ஆற்றைத் தடுக்கப் போட்ட தற்காலிக அணைகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது, மலைக்காய்ச்சலும் காலராவும் கூலியாட்களைக் கொத்துக் கொத்தாகக் கொண்டுபோயின. பென்னிகுயிக் தன் சொந்தச் சொத்தை விற்று அணையைக் கட்டினார் என்று தேனிப் பக்கத்தில் சொல்லாத ஆளில்லை. ஆய்வாளர்கள் சிலர் அதற்கு ஆதாரமில்லை என்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்தக் கதை நமக்குத் தேவையே இல்லை. வெள்ளம் கொண்டுபோன இடத்திலேயே மறு கோடையில் மறுபடியும் சுண்ணாம்பும் செங்கல்பொடியான சுர்க்கியும் குழைத்தார்கள் என்பது போதும். குழைத்தவர்களின் பெயர்கள் எந்த மணிமண்டபத்திலும் இல்லை. என் அப்பா வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு விதை ஊறப்போட்டதற்குப் பின்னால் அவர்களும் இருக்கிறார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் மதுரையில் வடக்குமாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் சிறிய அச்சகம் நடத்துபவன். தன்னம்பிக்கைப் பயிற்சி முகாம்களுக்கான நோட்டீஸ்களை நூற்றுக்கணக்கில் அடித்திருக்கிறேன். மலையுச்சியில் கையை விரித்து நிற்கும் ஆள், பின்னால் உதிக்கும் சூரியன், 'உன்னால் முடியும்' என்ற பெரிய எழுத்து. அவற்றில் இரண்டு முகாம்களின் பில் தொகை இன்னும் வசூலாகவில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்த நோட்டீஸ்கள் சொல்லும் நம்பிக்கை எனக்கு ஒத்துவருவதில்லை. நினைத்தால் நடக்கும் என்று சொல்பவர்கள், நடக்காமல் போனவனிடம் நீ சரியாக நினைக்கவில்லை என்று பழியைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். மனச்சோர்வு நோயாகவே முற்றிப் படுக்கையில் கிடப்பவனிடம் போய் நம்பிக்கையாக இரு என்பதும், கால் முறிந்தவனிடம் எழுந்து நட என்பதும் ஒன்றுதான். அவனை மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். நான் பேசுவது அதைப் பற்றி அன்று. காலும் கையும் இருந்தும், கணக்கைப் பார்த்து உட்கார்ந்துவிடுகிற நம்மைப் பற்றி, முக்கியமாக என்னைப் பற்றி.

அப்பாவின் நம்பிக்கையில் ஒரு சூட்சுமம் இருந்தது. சந்தேகமான ஆண்டுகளில் அவர் விதை முழுவதையும் நாற்றங்காலில் போட்டதில்லை. எங்களுக்கு நான்கு ஏக்கர். ஏக்கருக்கு முப்பது கிலோ வீதம் நூற்றிருபது கிலோ விதை வேண்டும். அதில் அறுபதை ஊறப்போடுவார். அறுபதைக் குலுக்கை என்கிற நெற்குதிரில் விட்டுவைப்பார். நம்பிக்கை இருந்தால் முழுவதையும் போட வேண்டியதுதானே என்று கேட்டதற்கு, "நம்புறதுக்குப் பாதி போதும்" என்று சிரித்தார்.

2016 அப்படி ஓர் ஆண்டு. வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட அறுபது சதவீதத்துக்கும் மேல் குறைந்து, அடுத்த தை பிறப்பதற்குள் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அறிவிக்கப்பட்ட ஆண்டு. வெயில் காலத்தில் நீர் ஆவியாகாமலிருக்க வைகை அணையில் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டதும், காற்று அவற்றைக் கரைக்கே திருப்பி அனுப்பியதும் அதைத் தொடர்ந்துதான். நாடே சிரித்தபோது எங்கள் ஊரில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அந்த ஆவணியில் அப்பா வழக்கம்போல அறுபது கிலோவை ஊறப்போட்டுப் பதினாறு சென்ட்டில் பாவியிருந்தார். நாற்று நன்றாகவே வந்தது. கிணற்று நீரை நாள்விட்டு நாள் பாய்ச்சினார். பிறகு கிணற்றில் ஊற்று குறைந்து, மோட்டார் கால்மணி நேரத்திலேயே காற்றை உறிஞ்சத் தொடங்கியது. நாற்பது நாட்கள் தாண்டியும் எங்கள் மடைக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை. நாற்று முற்றிக் கணுவிட்டது. நுனி செம்பட்டையாகிக் கருகியது.

அன்று நான் ஊரில்தான் இருந்தேன். அப்பா தொழுவுக்குப் போய் இரண்டு மாடுகளையும் அவிழ்த்துக்கொண்டு வந்து, நாற்றங்காலின் வரப்பில் சிறிது நேரம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு கயிற்றை விட்டுவிட்டார். மாடுகள் முதலில் தயங்கின. நாற்றங்காலுக்குள் இறங்கினால் அடி விழும் என்றுதானே அவற்றுக்குப் பழக்கம். அப்பா அதட்டி உள்ளே விட்டார். "மாட்டுக்காவது ஆச்சு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. இரவு சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். நம்பிக்கை வைத்தவர்களுக்கு வலிக்காது என்று யாராவது சொன்னால், அந்த வரப்பில் நின்ற முதுகு எனக்கு நினைவுக்கு வரும். வலித்தது. சித்தப்பாவுக்கு வலித்ததைவிட இவருக்குத்தான் கூடுதலாக வலித்திருக்கும். அறுபது கிலோவும் நாற்பது நாள் உழைப்பும் போனது இவருக்குத்தான்.

மறு ஆண்டு நடந்ததை நான் கூடுதலாக மதிக்கிறேன். குலுக்கையில் கிடந்த மீதி அறுபது கிலோ ஒரு வயது கூடிய நெல். பழைய விதையின் முளைப்பு குறைந்துகொண்டே போகும் என்பது எல்லா விவசாயிக்கும் தெரியும். அப்பா முற்றத்தில் உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு, நூறு நெல்லை ஒவ்வொன்றாக எண்ணினார். அவற்றை ஈரத்துண்டில் வரிசையாகப் பரப்பிச் சுருட்டி வைத்தார். ஐந்தாம் நாள் துண்டைப் பிரித்து, முளைத்தவற்றை எண்ணினார். அறுபத்தெட்டு. மறுபடியும் எண்ணினார். அறுபத்தெட்டேதான். அடுப்புக்கரியை எடுத்து அடுக்களைச் சுவரில் 68 என்று எழுதிவிட்டு, "அப்ப முப்பதுக்கு நாப்பதாப் போடணும்" என்றார். முளைக்காமல் போன முப்பத்திரண்டைப் பற்றி அவர் பேசவே இல்லை என்று எழுத ஆசைதான். ஆனால் அது உண்மையாகாது. அந்த முப்பத்திரண்டையும் கணக்கில் சேர்த்ததால்தான் முப்பது நாற்பதானது.

நான்கு ஏக்கருக்கும் தண்ணீர் கிடைக்கும் என்ற நிலைமை அந்த ஆண்டும் இல்லை. ஐப்பசி மழையில் கிணற்றில் கொஞ்சம் ஊறியதை நம்பி அரை ஏக்கர் மட்டும் நட்டார். அது சாப்பாட்டுக்கு நட்ட நெல் இல்லை. விதையைப் புதுப்பிப்பதற்காக நட்டது. பழைய விதை செத்துப்போவதற்குள் அதிலிருந்து புது விதை எடுத்துவிட வேண்டும். பத்துச் சொச்சம் மூட்டை வந்தது. 2018 ஆகஸ்டில் பெரியாறு அணை 142 அடியைத் தொட்டபோது எங்கள் குலுக்கையில் அந்தப் புது விதை இருந்தது. கேரளத்தில் நானூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதும் அதே மழைதான் என்பதால், அந்த ஆண்டு நாற்று நட்டபோது எங்கள் சந்தோஷத்தில் ஒரு கூச்சம் கலந்திருந்தது. அம்மா கொலவை போட வேண்டாம் என்று நடவுப் பெண்களிடம் சொல்லிவிட்டாள்.

அம்மாவின் நம்பிக்கை வேறு வகை. அப்பா கோயிலுக்குப் போவார், திருநீறு பூசுவார், அத்தோடு சரி. அம்மாவுக்கு எல்லாமே சம்பந்தர் பாடிய கோளறு பதிகம். பள்ளிப்படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனவள். ஓதுவார் ஒருவரிடம் கேட்டுக் கேட்டுப் பதிகம் முழுவதையும் மனப்பாடம் செய்திருந்தாள். வேப்பமரத்தடியில் மாலை விளக்கேற்றிய கையோடு தொடங்குவாள். சிறுவயதில் அது எனக்கு வெறும் சத்தமாகத்தான் கேட்டது. அச்சகம் வைத்து, மெய்ப்புத் திருத்தும் பழக்கம் வந்த பிறகு ஒருநாள் அந்தப் பதிகத்தை அச்சுக்கோப்பதற்காக வரிவரியாகப் படிக்க நேர்ந்தது. அன்றுதான் அதன் கட்டுமானம் பிடிபட்டது.

திருமறைக்காட்டில் சம்பந்தரும் அப்பரும் ஒன்றாக இருந்த வேளையில், பாண்டிமாதேவி மங்கையர்க்கரசியாரும் அமைச்சர் குலச்சிறையாரும் அனுப்பிய ஆட்கள் சம்பந்தரை மதுரைக்கு அழைக்க வருகிறார்கள். அப்பர் தடுக்கிறார். நாளும் கோளும் சரியில்லை என்கிறார். அவர் கோழை இல்லை. சுண்ணாம்பு நீற்றறையிலும் நஞ்சிலும் யானைக்காலடியிலும் கல்லோடு கட்டிய கடலிலும் பிழைத்து வந்தவர். எதிராளிகள் என்ன செய்வார்கள் என்று உடம்பால் அறிந்தவரின் எச்சரிக்கை அது. அந்த எச்சரிக்கைக்கு மறுமொழியாகச் சிறுபிள்ளையான சம்பந்தர் பாடியதுதான் பதிகம். அதில் அவர் அபாயம் ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை. ஒன்பது கோள்களையும் பெயர் சொல்லி வரிசைப்படுத்துகிறார். புலியைச் சொல்கிறார், கொலையானையைச் சொல்கிறார், கொடுநாகத்தைச் சொல்கிறார், வெப்பையும் குளிரையும் வாதத்தையும் பித்தையும் சொல்கிறார். பயப்பட வேண்டியவற்றின் முழுப் பட்டியல் அது. அத்தனையையும் சொல்லிவிட்டு, அவையும் நல்லவையே என்று முடித்து, மதுரைக்குப் புறப்பட்டுவிடுகிறவரின் பாட்டு. மதுரை வந்த பிறகு நடந்ததாகச் சொல்லப்படும் வாதங்களும் கழுமரங்களும் எனக்குச் சங்கடம் தருபவை. அவை வேறொரு கட்டுரைக்கு உரியவை. புறப்படும் முன் ஒரு மனம் தன்னை எப்படித் தயார் செய்துகொண்டது என்பதை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். அப்பா நூறு நெல்லை எண்ணியதற்கும் அம்மா ஒன்பது கோளை எண்ணியதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

அப்பா 2020 தையில் அறுவடை முடிந்த பதினைந்தாம் நாள் போய்விட்டார். கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரை என் அச்சகத்திலேயே அடித்தேன். அடுத்த இரண்டு மாதத்தில் ஊரடங்கு வந்தது. தமிழ்நாட்டின் முதல் கரோனா மரணம் எங்கள் மதுரையில்தான், மார்ச் 25 அதிகாலையில். திருமண அழைப்பிதழ்தான் எங்கள் தொழிலுக்கு உயிர். சித்திரை, வைகாசி முகூர்த்தங்களை நம்பித்தான் சிவகாசியிலிருந்து கார்டு வாங்கி அடுக்கியிருந்தோம். அடித்து முடித்துக் கட்டுக்கட்டாக வைத்திருந்த அழைப்பிதழ்களின் தேதிகள் என் கண்ணெதிரே ஒவ்வொன்றாகக் கடந்து போயின. மீனாட்சி திருக்கல்யாணத்தையே இணையத்தில் பார்த்த ஊரில், மற்றவர்கள் கல்யாணத்தை யார் பேசுவார்கள்?

அப்போதுதான் நான் சித்தப்பாவாக மாறினேன். நாற்பத்தெட்டு வயது, மூன்று லட்சத்துச் சொச்சம் கடன், மனைவியின் வளையல்கள் வங்கியில், வாட்ஸ்ஆப்பில் அழைப்பிதழ் அனுப்பப் பழகிவிட்ட சனங்கள். இனி யார் கார்டு அடிக்கப் போகிறார்கள் என்று ஒவ்வொரு ராத்திரியும் கணக்குப் போட்டேன். கணக்கு ஒவ்வொரு தடவையும் ஒரே விடையைத்தான் தந்தது. கணக்குப் போடும்போது நான் புத்திசாலி என்ற ஒரு நிறைவும் ஏற்பட்டதை மறைக்க விரும்பவில்லை. பழைய இரும்புக்கடைக்காரர் ஒருவர் மினி ஆஃப்செட்டைப் பார்த்துவிட்டு, எடைக்கணக்கில் ஒரு விலை சொல்லிவிட்டுப் போனார். கொடுத்துவிடுவதென்று பாதிக்கு மேல் முடிவு செய்துவிட்டேன்.

அதைத் தடுத்தவர் எங்கள் மெஷின்மேன் அண்ணன். செல்லூரில் இருப்பவர்; என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஊரடங்கில் வாரத்துக்கு இரண்டு நாள் வைகைப் பாலத்தின் மேல் நடந்தே வந்து, போலீஸ்காரரிடம் ஏதோ ஒரு காரணம் சொல்லிச் சமாளித்து, ஷட்டரைப் பாதி தூக்கி உள்ளே நுழைந்துவிடுவார். ஆஃப்செட் இயந்திரத்தை நாள்கணக்கில் சும்மா போட்டால் ரோலர்கள் இறுகிப்போகும். மை காய்ந்து ரப்பரின் மேல் பளபளவென்று ஓர் ஏடு படிந்துவிட்டால் பிறகு அது மையைப் பிடிக்காது. அவர் ரோலர்களை மண்ணெண்ணெயில் துடைத்து, ஈரத்துணியால் ஒற்றி, காகிதமே இல்லாமல் இயந்திரத்தை ஒரு பத்து நிமிடம் ஓடவிடுவார். வேலை ஏதுமில்லாத அந்தச் சந்தில் அந்தச் சத்தம் மட்டும் கேட்கும்.

"எதுக்குண்ணே இதெல்லாம், விக்கப்போறதுதானே" என்றேன்.

"விக்கிறதுன்னாலும் ஓடுற மெஷினா வித்தாத்தான் மொதலாளி காசு" என்றார். பிறகு, "வேலை வர்றன்னிக்கு மெஷின் ரெடியா இருக்கணும்ல" என்றார்.

அவர் என் அப்பாவைப் பார்த்ததே இரண்டு மூன்று தடவைதான். அந்த இரண்டாவது வாக்கியத்தை அவர் எங்கிருந்து எடுத்தார் என்று நான் திகைத்து நின்றேன். இரும்புக்கடைக்காரருக்கு அன்று மாலை போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பாதி விதைக் கணக்கையும் மறக்கவில்லை: கட்டர் இயந்திரம் ஒன்றை விற்று வட்டியை அடைத்தேன், வெட்டுவேலையை வெளியே கொடுத்துக்கொள்ளலாம் என்று. ஆஃப்செட்டை வைத்துக்கொண்டேன். அண்ணனுக்குப் பாதிச் சம்பளம். அதையும் இரண்டு தவணையில்.

2021 சித்திரையிலும் அழகர் ஆற்றில் இறங்கவில்லை. அழகர்கோவிலுக்குள்ளேயே செயற்கையாக ஒரு வைகையை அமைத்து வைபவத்தை முடித்தார்கள். அந்த ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் எங்கள் இயந்திரம் நன்றாகவே ஓடியது. கண்ணீர் அஞ்சலி, நினைவஞ்சலி, முப்பதாம் நாள். ஒரே குடும்பத்துக்கு ஒரே வாரத்தில் இரண்டு. மதுரையில் சுவரொட்டி இல்லாமல் யாரும் சாகமுடியாது என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். அந்த வேடிக்கை அப்போது தொண்டையில் நின்றது. வட்டி கட்டுமளவு காசு வந்தது. அந்தக் காசை எண்ணும்போது கை கூசியது. இதற்காகவா இயந்திரத்தைத் துடைத்து வைத்தோம் என்று அண்ணனிடம் ஒருநாள் கேட்டுவிட்டேன். அவர் மையைக் கையால் வழித்துக்கொண்டே, "போனவங்க பேரையாச்சும் தப்பில்லாமப் போடுவோம் மொதலாளி" என்றார். அதன் பிறகு ஒவ்வொரு மெய்ப்பையும் மூன்று தடவை பார்த்தேன்.

அந்த நாட்களில் அண்ணாநகர் பக்கம் போகும்போதெல்லாம் அரவிந்த் கண் மருத்துவமனையின் வாசலைத் தாண்டுவேன். மனம் அதை நிறுவிய டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமியின் விரல்களிடம் போய்விடும். மகப்பேறு மருத்துவராக ஆசைப்பட்டவரை முப்பது வயதில் முடக்குவாதம் படுக்கையில் போட்டது. எழுந்து வந்தபோது கைவிரல்கள் கோணிப்போயிருந்தன. அந்த விரல்களோடு கண் மருத்துவம் படித்து, கத்தியைப் பிடிக்கும் விதத்தைத் தானே பழகிக்கொண்டு, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகளைச் செய்தார். அரசுப்பணியில் ஓய்வு பெற்ற பிறகு, 1976இல், மற்றவர்கள் சாய்வுநாற்காலி வாங்கும் வயதில், பதினோரு படுக்கைகளோடு தொடங்கினார். அவர் அரவிந்தரின் பக்தர். பெயரும் அங்கிருந்து வந்ததுதான். என்னை ஈர்ப்பது பக்தியைவிட அந்தப் பதினொன்று என்ற எண். ஊரெல்லாம் பார்வையில்லாதவர்கள் இருக்கும்போது பதினோரு படுக்கையால் என்ன ஆகும் என்று டீக்கடையில் யாராவது கணக்குப் போட்டிருப்பார்கள். போட்டவரின் கணக்கு அன்றைக்குச் சரியாகவும் இருந்திருக்கும்.

அந்த ஆண்டு ஆவணி பிறந்து ஒரு வாரம் இருக்கும். அவனியாபுரத்துக்காரர் ஒருவர் கடைக்கு வந்தார். முகக்கவசத்தை இறக்கிய பிறகுதான் அடையாளம் தெரிந்தது. 2020 வைகாசியில் மகள் கல்யாணத்துக்கு ஐந்நூறு அழைப்பிதழ் அடித்துக் கட்டிவைத்து, கொண்டுபோகாமலே விட்டவர். அந்தக் கட்டு என் பரணில் தூசி படிந்து கிடந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஓராண்டுக்கு மேல் காத்திருந்து இந்த ஆவணிக் கடைசியில் முகூர்த்தம் குறித்திருக்கிறார்கள் என்றார்.

பழைய கோப்பைக் கணினியில் திறந்தேன். தேதியை மாற்றினேன், மண்டபத்தை மாற்றினேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தார்.

"மேல எங்கப்பா பேரு இருக்கும் பாருங்க" என்றார். "அதுக்கு முன்னாடி தெய்வத்திருன்னு சேர்க்கணும்."

சேர்த்தேன். எழுத்து இடம் போதாமல் அடுத்த வரிக்கு இறங்கியது. அளவைக் குறைத்து ஒரே வரியில் அமைத்தேன். கீழே நல்வரவை நாடுவோர் பட்டியலிலிருந்து அவர் அக்கா வீட்டுக்காரர் பெயரை எடுத்து, அதையும் மேலே கொண்டுபோனேன். இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். அவர் தலையாட்டினார்.

கல்யாணத்துக்கு ஐம்பது பேருக்குத்தான் அனுமதி இருந்த காலம். நூறு கார்டு போதுமாண்ணே என்று கேட்டுக்கொண்டே ஆர்டர் புத்தகத்தைத் திறந்தேன்.

"அதே ஐந்நூறு போடுங்க தம்பி. கூப்பிடுறது நம்ம வேலை" என்றவர், சட்டைப்பையிலிருந்து முன்பணத்தை எடுத்து, மேசையில் வைத்து எண்ண ஆரம்பித்தார்.

உள்ளே அண்ணன் ஏற்கெனவே ரோலருக்கு மை வைத்துக்கொண்டிருந்தார். கல்யாணக் கார்டுக்கென்று ஒதுக்கி வைத்த குங்குமச் சிவப்பு, பதினேழு மாதம் மூடியே திறக்காத டப்பா. மேலே படிந்திருந்த ஏட்டைக் கத்தியால் சுற்றி அறுத்து எடுத்துவிட்டு, அடியில் இருந்ததை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். ஈரமாகத்தான் இருந்தது.